ஒரே வேகம்

கித்துல்கலவைத் தாண்டிக் கினிகத்தேனைக்கு ஏறும் பாதையில் எந்த வாகனமும் ஒரே வேகத்தில் ஏறி நான் பார்த்ததில்லை. அவிசாவளையில் தொடங்கும் ஏ-7 வீதி யட்டியாந்தோட்டையைக் கடந்து களனி கங்கை ஓரமாக வரும்வரை டிரைவருக்குச் சற்று ஓய்வு உண்டு. ஆறு பள்ளத்தில் விலகிப்போனதும் வேலை தொடங்கிவிடும். ஒரு வளைவுக்கு மூன்றாம் கியர், அடுத்ததற்கு இரண்டு. ஹட்டனிலிருந்து இறங்கும் பஸ் பாதை முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்தால் ஓரங்கட்டி நிற்க வேண்டும். மழை வேறு. மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. எங்கள் பக்கம் அந்தச் சரிவில்தான் இருக்கிறது.

இந்தக் கினிகத்தேனையில் வைத்துத்தான் என் மகனுடைய பழைய காரின் குரூஸ் கொன்ட்ரோலைத் திருத்தினோம். அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும், குறித்துக் கொடுத்த வேகத்தில் காரை ஓட்டிக்கொண்டு போகும் ஏற்பாடு அது. கினிகத்தேனையில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் அதன் பிழையைத் தேடிய அந்தப் பகல் முழுவதும் எனக்கு அப்பாவின் எஞ்சின் அறைதான் கண்ணுக்குள் நின்றது. நான் சிறுவனாக இருந்த காலத்தில், ஒரே வேகம் என்பது எங்கள் தோட்டத்தில் அந்த ஓர் இடத்தில்தான் இருந்தது.

அப்பா தேயிலைப் பெக்டரியில் எஞ்சின் டிரைவர். லயத்தில் எல்லாரும் 'இஞ்சின்காரர்' என்பார்கள். ஆளுயரச் சக்கரம் பூட்டிய டீசல் எஞ்சின். அதிலிருந்து தோல் பெல்ட் மேலே போய் நீண்ட சாப்டைச் சுழற்றும். சாப்டிலிருந்து ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு பெல்ட் இறங்கும். வாடிய கொழுந்தை ரோலரில் கொட்டியதும் எஞ்சினுக்குப் பாரம் ஏறும். சத்தம் ஒரு கணம் கனத்து, உடனே பழையபடி சீராகிவிடும். யாரும் எதையும் தொடமாட்டார்கள். அந்த ஒரு கணத்தைக் கேட்பதற்காகவே பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடிப்போய்க் கதவோரம் நிற்பேன்.

சீராக்குவது கவர்னர். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து எண்ணெயைக் குறைக்கும். பாரம் ஏறி வேகம் குறைந்தால் குண்டுகள் தணிந்து எண்ணெயைக் கூட்டும். ஜேம்ஸ் வாட் 1788இல் தன் நீராவி எஞ்சினுக்குப் பூட்டிய அதே ஏற்பாடு. நான் பின்னால் ஆசிரியராகி விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் இதை எத்தனையோ வகுப்புகளுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அப்பாவுக்குப் படம் தேவைப்படவில்லை. காதாலேயே அவருக்குத் தெரியும்.

அப்பா தினமும் செய்த ஒரு காரியம் இருந்தது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், கவர்னரிலிருந்து எண்ணெய்ப் பம்புக்குப் போகும் கம்பியைக் கையால் பிடித்து 'நிறுத்து' பக்கமாகத் தள்ளிப் பார்ப்பார். லேசாகப் போய்த் தானாகத் திரும்பி வந்தால்தான் அடுத்த வேலை. கொஞ்சம் இறுகினாலும் மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி தள்ளிப் பார்ப்பார். டீமேக்கர் கதவில் வந்து நின்றாலும் அவசரப்பட மாட்டார். ஏன் அப்பா என்று கேட்டபோது சொன்னார்: "வேகத்தப் புடிச்சி வைக்கிறது அதோட வேல. விடுன்னா விடுதான்னு பாக்கிறது நம்ம வேலடா." அந்தக் கம்பி எண்ணெய் கூடிய நிலையில் இறுகி நின்றுவிட்டால், பெல்ட் கழன்று பாரம் போன அடுத்த நொடியில் எஞ்சின் கட்டுமீறி ஓடும். இரும்புச் சக்கரம் சிதறினால் கூரையும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது.

பிறகு பெக்டரி வெளிக் கரண்டுக்கு மாறியது. அதிலும் ஒரே வேகம்தான். எங்கள் மலைகளுக்கு இடையே 1950இல் லக்சபான மின்நிலையமும், 1969இல் பொல்பிட்டிய நிலையமும் ஓடத் தொடங்கியிருந்தன. அங்கேயும் தண்ணீர்ச் சக்கரங்களின் வேகத்தைக் கட்டி வைத்திருப்பது கவர்னர்தான். நாடு முழுவதும் விளக்கைப் போட்டாலும் அணைத்தாலும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸிலேயே நிற்க வேண்டும். அந்த மின்நிலையங்களைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் பாதைகளில், பத்து வினாடி ஒரே வேகத்தில் போக முடியாது.

பாதையில் அன்று எல்லாம் மனிதர் கையில் இருந்தது. கொழுந்து லொறியில் டிரைவரோடு ஒரு கிளீனர் இருப்பார். அவர் கையில் எப்போதும் ஒரு மரக்கட்டை. ஏற்றத்தில் லொறி திணறி நின்றால் குதித்து ஓடிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். இறக்கத்துக்கு ஒரு விதி இருந்தது: எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இப்போது கியர் தானாக மாறும் காரில் வருகிற பிள்ளைகள் அந்த விதியைக் கேள்விப்பட்டதே இல்லை. பிரேக்கையே மிதித்துக்கொண்டு ஹட்டனிலிருந்து இறங்கிக் கினிகத்தேனைக்கு வரும்போது சக்கரத்தில் கருகல் நாற்றம் அடிக்கிறது.

பக்கத்துத் தோட்டத்துத் துரையிடம் ஒரு வில்லிஸ் ஜீப் இருந்தது. அதன் டாஷ்போர்டில் கையால் இழுக்கும் ஒரு குமிழ். இழுத்து விட்டால் அக்ஸிலரேட்டர் அந்த அளவிலேயே நிற்கும், கால் ஓய்வெடுக்கலாம். ஆனால் அது வேகத்தைப் பிடிக்கும் கருவி அல்ல. எரிபொருளின் அளவைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். ஏற்றம் வந்தால் ஜீப் சோர்ந்துபோகும், இறக்கம் வந்தால் பாயும். பிரேக்கை மிதித்தாலும் குமிழ் தன் இடத்திலேயே நிற்கும். கையால் உள்ளே தள்ளினால்தான் விடும். அந்த ஜீப்பின் டிரைவர் மலைப்பாதையில் அதைத் தொடவே மாட்டார்.

உதிரிப்பாகம் கிடைக்காத காலமும் அதுதான். 1970இலிருந்து 1977 வரை இறக்குமதிக்குப் பெரும் கட்டுப்பாடு. நடுவில் 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. பெக்டரியில் ஒரு புஷ் தேய்ந்தால் புதிது வராது. அப்பாவும் லேத்காரரும் உட்கார்ந்து பழைய பித்தளையைக் கடைந்து ஒன்று செய்வார்கள். செய்ததைக் கையில் உருட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் சீவி, மறுபடி பொருத்துவார்கள். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஜப்பான் வாகனங்கள் வரிசை வரிசையாக வந்தன. பிழைத்ததைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதைப் பூட்டுவது பழக்கமானது. கடைசல்காரர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள்.

என் மகன் வாங்கியது அப்படி வந்த ஒரு ரீகண்டிஷன் கார். இருபது வயது தாண்டியது. அவனுக்குக் காலிப் பக்கம் வேலை. 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரை தெற்கு அதிவேகப் பாதை திறந்தது. மணிக்கு 100 கிலோமீற்றர் வரை போகலாம். சந்தி இல்லை, மாடு இல்லை, எதிரே வாகனம் இல்லை. குரூஸ் கொன்ட்ரோல் என்ற பொத்தானுக்கு இந்த நாட்டில் அர்த்தம் கிடைத்தது அன்றைக்குத்தான் என்று சொல்வேன். வேகம் கூடிப் பொலிஸிடம் மாட்டாமல், கால் வலிக்காமல் போகலாம் என்று மகன் அதை மிகவும் விரும்பினான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை ஏறியதை எல்லாரும் அறிவோம். இருப்பதை வைத்துக் காலந்தள்ள வேண்டிய நிலை திரும்பி வந்தது. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கழற்றிய பாகத்துக்கு அலைய வேண்டும், கிடைக்காததைக் கடைந்துகொள்ள வேண்டும். அப்பாவின் காலம் ஐம்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றது.

குரூஸ் கொன்ட்ரோலைக் கண்டுபிடித்தவர் கண்பார்வை இல்லாதவர். அமெரிக்காவில் ரால்ப் டீட்டர் என்ற பொறியியலாளர். ஐந்து வயதில் ஏற்பட்ட விபத்தில் பார்வையை இழந்தவர். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது பேசினால் வேகம் குறையுமாம், கேட்டால் கூடுமாம். பார்க்க முடியாதவருக்கு அந்த ஏற்ற இறக்கம் உடம்பிலேயே உறைத்திருக்கிறது. 1950இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிரைஸ்லர் கார்களில் அது வந்தது. காதாலும் உடம்பாலும் எஞ்சினை அறிந்த அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

மகனுடைய காரில் பொத்தானை அமுக்கினால் டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும். வேகத்தைக் குறிக்கும் பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. முன்பும் ஒருமுறை இப்படி ஆகி, கொழும்புப் பக்கம் ஒரு கராஜில் காட்டியிருக்கிறான். அவர்கள் எதையோ செய்து கொடுத்தார்கள், சில மாதம் வேலை செய்தது, மறுபடி போய்விட்டது. இரண்டாம் முறை போனபோது எஞ்சின் பக்கத்தில் இருக்கும் மோட்டார் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். லீவுக்கு வீட்டுக்கு வந்தான். காலையில் பார்த்தால் பெட்டரியும் இறங்கிக் கிடந்தது. வேறு காரிலிருந்து கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் பண்ணிக் கினிகத்தேனையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனோம்.

பாஸ் பொனற்றைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் நேரே காரின் பின்பக்கம் போனார். மழை மூட்டத்தில் கராஜ் சுவர் இருண்டிருந்தது. அந்தச் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. காரில் யாரும் இல்லை, சாவி மகன் கையில், பிரேக் விளக்குகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

"மாஸ்டர், இந்தக் கார் பிரேக்ல கால் வச்சமாதிரியே நினைச்சிக்கிட்டு இருக்கு. பிறகு எப்படிங்க குரூஸ் எடுக்கும்?" என்றார். பெட்டரி இறங்கியதற்கும் காரணம் அதுதான். இதைவிட முக்கியமானது வேறொன்று: எப்போதும் விளக்கு எரிகிற கார், இறக்கத்தில் உண்மையாகவே பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருகிற லொறிக்கு என்ன தெரியும்?

அவர் டிரைவர் ஆசனத்துக்குக் கீழே மல்லாந்து படுத்து, டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தார். பிரேக் பெடலின் தண்டுக்கு மேலே விரல் பருமனில் ஒரு சுவிட்ச், அதன் நுனியில் ஒரு சின்ன முளை. காலை எடுத்தால் பெடல் மேலே வந்து முளையை உள்ளே அமுக்க வேண்டும். பெடலில் முளை வந்து படும் இடத்தில் ஒரு துளை. துளையை அடைத்தபடி ஒரு ரப்பர்க் குமிழ் இருக்க வேண்டும். குமிழைக் காணவில்லை. முளை துளைக்குள்ளாகவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாஸ் தரைவிரிப்பைத் தடவி, உள்ளங்கையை எங்களிடம் நீட்டினார். பழுப்பு நிறத்தில் நொறுங்கிய துகள்கள். இருபது வருட வெயிலும் ஈரமும் தின்ற ரப்பர்.

அத்தோடு முடிந்தது என்று மகன் சொன்னான். பாஸ் கேட்கவில்லை. அந்தச் சுவிட்சில் நான்கு வயர்கள். இரண்டு பிரேக் விளக்குக்கு. பெடலை மிதித்ததும் அவை இணையும், அந்தச் செய்தி குரூஸ் கம்பியூட்டருக்கும் போய் 'விடு' என்று சொல்லும். மற்ற இரண்டும் எதிர்மாறு. மிதித்ததும் பிரியும், பிரிந்தால் அக்ஸிலரேட்டர் கேபிளைப் பிடித்திருக்கும் காந்தக் கிளச்சுக்குப் போகிற கரண்டே நின்றுவிடும். கம்பியூட்டர் புத்தி பேதலித்தாலும், விளக்கின் பியூஸ் போனாலும், இந்த இரண்டாவது வழி கேபிளை விடுவித்துவிடும். ஒரே பெடலில் இரண்டு தனித்தனிப் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள்.

பாஸ் மீற்றரை எடுத்து அந்த எதிர்மாறு வயர் இரண்டிலும் வைத்தார். கீச் என்றது. சுவிட்சின் சொக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி வைத்தார். அப்போதும் கீச் என்றது. சுவிட்சே இல்லாத இடத்தில் கரண்ட் எப்படிப் போகும்? வயர்க் கட்டைப் பின்தொடர்ந்து ஒரு சாண் உள்ளே போனபோது கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. பிரித்தால், இரண்டு வயரையும் சீவி ஒன்றோடொன்று முறுக்கி விட்டிருக்கிறார்கள். 'டிரெக்ட்' பண்ணியிருக்கிறார்கள்.

கதை அப்போதுதான் விளங்கியது. ரப்பர் தேயத் தொடங்கியபோது முளை கொஞ்சம் வெளியே வந்து, முதலில் இந்த இரண்டு வயரும் பிரிந்திருக்கின்றன. குரூஸ் எடுக்கவில்லை. காரணம் தேடாமல் வயரை முறுக்கிவிட்டார்கள், வேலை செய்தது. மாதங்கள் போய் ரப்பர் முழுதாக உதிர்ந்ததும் விளக்குகள் எரியத் தொடங்கி, மற்ற வழியாகக் கருவி நின்றுபோனது. நடுவில் இருந்த அத்தனை மாதமும் என் பிள்ளை மணிக்கு 100 கிலோமீற்றரில் அந்தக் காரை, விடுவிக்கும் வழிகள் இரண்டில் ஒன்று கட்டிப் போடப்பட்ட நிலையில், ஓட்டியிருக்கிறான். எனக்குக் கை நடுங்கியது. இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் அடங்கவில்லை. குரூஸ் வேலை செய்யாவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, காலால் ஓட்டிக்கொண்டு போகலாம். சந்தேகம் வந்தால் விட்டுவிட வேண்டும் என்று கட்டப்பட்ட கருவியை, எந்த நிலையிலும் பிடித்துக்கொண்டிரு என்று மாற்றுவது குற்றம். பழுதுபார்த்தல் என்ற பெயர் அதற்குக் கூடாது.

பாஸ் முறுக்கைப் பிரித்து, வயர்களைப் பழையபடி தனித்தனியாக ஈயம் வைத்து ஒட்டி உறை போட்டார். இனி ரப்பர்க் குமிழ். கராஜ் பையன் ஒரு போல்ட்டைக் கொண்டுவந்தான். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பாஸ் வேண்டாம் என்றார். நட் தளர்ந்து போல்ட் பெடலடியில் விழுந்தால் அது வேறு ஆபத்து. பழைய நைலோன் துண்டொன்றைத் தேடியெடுத்துப் பக்கத்து லேத்தில் கடைந்தார். துளைக்குள் இறுகப் போகும் கழுத்து, மேலே தட்டையான தலை. பொருத்தி, பெடலை மெல்ல அமுக்கி விட்டுக் கேட்டார். சற்றுச் சீவி மறுபடி பொருத்தினார். கடைசலைக் கையில் உருட்டிப் பார்க்கும் அந்தப் பார்வையை நான் சிறுவயதில் பெக்டரியில் கண்டிருக்கிறேன். இது தற்காலிகம்தான், சரியான பாகம் கிடைத்ததும் மாற்றுவோம் என்று அவரே சொன்னார்.

பிறகும் சாவியைக் கொடுக்கவில்லை. சொக்கெட்டின் பின்புறம் மீற்றர் முனைகளை நுழைத்து, மகனைப் பெடலை மிதிக்கச் சொன்னார். மிதித்தால் கீச் நிற்க வேண்டும், விட்டால் வர வேண்டும். மெல்ல மிதி, பாதி மிதி, அழுத்தி மிதி. வெளியே மழை, உள்ளே அந்தக் கீச் சத்தம் வருவதும் நிற்பதுமாக இருந்தது. பாஸுக்கு என் அப்பாவைத் தெரியாது.

பாதையில் ஓட்டிப் பார்க்க எங்கள் பக்கத்தில் இடம் இல்லை. அந்தக் காலத்துக் குரூஸ் கொன்ட்ரோல் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றருக்குக் கீழே எடுக்கவே எடுக்காது. அதனால் மழை விட்டபின் கித்துல்கலவுக்கும் கீழே, ஆற்றோரத்துச் சமபாதைக்கு இறங்கினோம். ஈரத்தில் இதைப் போடக்கூடாது என்று பாஸ் வழியெல்லாம் மகனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். சக்கரம் தண்ணீரில் பிடிப்பை இழந்தாலும் பழைய கருவிக்கு அது தெரியாது, வேகத்தைக் கூட்டவே பார்க்கும். இறக்கத்திலும் வேண்டாம். அது எரிபொருளைக் குறைக்குமே தவிரப் பிரேக் பிடிக்காது.

காய்ந்த இடம் வந்ததும் 45இல் குறித்தான். கார் பிடித்துக்கொண்டது. காலைத் தரையில் வைத்துக்கொண்டு போனோம். சின்ன மேடு வந்தது; எஞ்சின் ஒரு கணம் கனத்து, உடனே சீரானது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரேக்கை இறகளவுக்குத் தொடச் சொன்னார் பாஸ். தொட்டதும் கேபிள் விட்ட சத்தம் கேட்டது, கார் தளர்ந்தது. மறுபடி குறித்து, மறுபடி தொட்டு, பாஸ் போதும் என்று சொல்லும்வரை அதையே செய்தோம்.

திரும்பி ஏறும்போது முதல் பெரிய வளைவில் மகன் ஹோன் அடித்தான். சத்தம் வரவில்லை. ஸ்டியரிங்கை நிமிர்த்தி அடித்தபோது வந்தது. பாஸ் உடனே முன்னால் குனிந்தார். "மறுபடி வெட்டி அடிங்க தம்பி." வெட்டினால் இல்லை, நேராக வைத்தால் உண்டு. ஸ்டியரிங்குக்குள்ளே சுருளாகப் போகிற தட்டைக் கேபிள் ஒன்று இருக்கிறது. ஹோன், குரூஸ் பொத்தான், எயார்பேக் எல்லாவற்றுக்கும் கரண்ட் அதன் வழியாகத்தான். அது எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. எயார்பேக் இருப்பதால் அவசரப்பட்டுக் கழற்றக்கூடாது, பெட்டரி வயரைக் கழற்றிச் சற்று நேரம் விட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்றார்.

கினிகத்தேனை வளைவில் ஹோன் இல்லாமல் எப்படி ஏறுவது? மீதி ஏற்றம் முழுவதும் மகன் ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே அடித்துக்கொண்டு வந்தான். காரைக் காலிக்கு எடுத்துப்போக விடவில்லை. அவன் பஸ்ஸில் போனான். வரும் கிழமை நானும் பாஸும் பஞ்சிகாவத்தைக்கு இறங்குகிறோம். சுருள் கேபிள், பிரேக் சுவிட்ச், பெடலின் ரப்பர்க் குமிழ் மூன்றும் வேண்டும்.